சாய்ஞ்சு கொடுக்கிற சாமி

வாடா பேராண்டி, உட்காரு. ராத்திரி சாரல்ல திண்ணை நனைஞ்சு கெடக்கு, அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்க. மூஞ்சியைப் பார்த்தா நாத்து விட்ட அன்னிக்கே வாய்க்கால் வத்திப்போனவன் மாதிரி இருக்கே. என்ன, மறுபடியும் வந்துட்டாரா உன் விருந்தாளி?

வந்திருப்பார். வராம எங்க போவார்? அமெரிக்காக்காரனுக்குப் பகல்னா உனக்கும் பகல். ராத்திரி பூரா முழிச்சு அவனுக்குக் கணக்குப் பார்த்துட்டு, விடியக்காலம் அஞ்சு மணிக்கு மெத்தையில மல்லாந்து விழறே. செஞ்சடையப்பர் கோயில்ல காலைப் பூசை மணி அடிக்கிறப்போ உனக்கு அர்த்தசாமம். காலையில ஒன்பது மணி வாக்குல, வெயில் சன்னல்ல ஏறுற நேரம், அவர் வந்து உன் நெஞ்சு மேல சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கறார். கண்ணு தெறந்திருக்கு. கையைத் தூக்க முடியலை. கத்தினா சத்தம் வரலை. மூச்சு முட்டுது. அலமாரி ஓரமா கறுப்பா ஒரு உருவம் நிக்குது. ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ, சுண்டு விரல் அசைஞ்சதும் எல்லாம் கலைஞ்சு போயிடுது. எங்க காலத்துல பேய் நடுச்சாமத்துலதான் வரும். உன்னுது ஆபீஸ் நேரத்துக்கு வருது. முன்னேற்றம்தான்.

ஊமை கண்ட கனா மாதிரி உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்காம, யார்கிட்டயாவது சொல்லணும்னு உனக்குத் தோணிச்சே, அதுவரைக்கும் நல்லது. ஆனா சொன்னது யார்கிட்ட? பின்கட்டுல ஆத்தா இருக்கா, திண்ணையில நான் இருக்கேன். நாப்பது வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தன் தும்மினா அடுத்தவனுக்குத் தெரியும். நீ போனைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டே.

மூணு நாள்ல நீ எறங்கி வந்தப்போ உன் வாயில இருந்த வார்த்தைங்களைக் கேட்டு நான் அசந்து போயிட்டேன். நிழல் மனுசனாம். அதிர்வு நிலையாம். சூட்சும உடம்பு கழண்டு வெளியே போறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்குமாம். இதே அனுபவம் உள்ளவங்க கூட்டம் ஒண்ணுல சேர்ந்துட்டியாம். தூக்கத்தை நடுவுல உடைச்சு எழுந்து, மறுபடி மல்லாந்து படுத்தா இன்னும் நல்லா வரும்னு அங்க ஒரு ஆசான் சொல்லிக் கொடுக்கறாராம். அடப்பாவி! வயல்ல எலி இருக்குன்னு சொல்லப் போன எடத்துல, எலி வளர்க்கறது எப்படின்னு பாடம் படிச்சுட்டு வந்திருக்கியே!

உன் விருந்தாளி பேரு அமுக்குவான். உங்க பாட்டனுக்குப் பாட்டனையும் அமுக்கினவன். எங்க அம்மா ரெண்டே வைத்தியம் சொல்லுவா: தலைமாட்டுல இரும்பு வை, ஒருக்களிச்சுப் படு. இரும்புக்கு என்ன சக்தியோ எனக்குத் தெரியாது. ஆனா ஒருக்களிச்சுப் படுன்னாளே, அதை இன்னிக்குத் தூக்க வைத்தியம் படிச்ச டாக்டரும் சொல்றார். மல்லாந்து படுக்கறவங்களுக்குத்தான் இது அதிகம் வருதாம். நேரங்கெட்ட தூக்கமும் பத்தாத தூக்கமும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

தஞ்சாவூர் மெடிக்கல்ல படிக்கிறாளே உன் அத்தை மக, அவதான் எனக்கு வெளக்கினா. நாம கனாக் காணறப்போ மூளை கை காலையெல்லாம் கட்டிப் போட்டுடுமாம். இல்லைன்னா கனாவுல மாட்டை வெரட்டறவன் நெஜமாவே எழுந்து பக்கத்துல படுத்திருக்கிறவளை வெரட்டுவான். சில நாள் முழிப்பு முந்திக்கும், கட்டு அவிழ்றது பிந்திக்கும். கண்ணு முழிச்சாச்சு, கட்டு அவிழலை, கனாவும் முழுசாக் கலையலை. அந்த இடைவெளியிலதான் அமுக்குவான் வந்து உட்கார்றான். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. ஆயுசுல ஒரு தடவையாவது இதை அனுபவிச்சவங்க நூத்துக்கு எட்டுப் பேர் கிட்ட. மாணவங்களை மட்டும் எடுத்தா நூத்துக்கு 28. ராக்கண் முழிக்கிறவன் கிட்டத்தான் அவனுக்கு ஆசை. ஜப்பான்காரன் அதுக்குக் கனாசிபாரின்னு பேரு வெச்சிருக்கான். கனடாவுல இருக்கிற நியூஃபவுண்ட்லாந்துத் தீவுல கெழவி வந்து நெஞ்சுல உட்கார்றாங்கறான். அவனவன் ஊர்ல யாரைக் கண்டா பயமோ அவங்க வந்து உட்கார்றாங்க. உனக்கு முகம் தெரியாத கறுப்பு உருவம். உன் மேனேஜரா இருக்கும், நல்லாப் பாரு.

இப்போ நான் கேட்கிறதுக்கு ஒளிக்காம பதில் சொல்லு. நீ போன்ல கேட்ட அந்தச் செயற்கை அறிவுச் செயலி மொதல்ல என்ன சொல்லுச்சு? தலையைக் குனியாதே, நான் உன் போனைப் பார்த்துட்டேன். மொத பதில்லயே அது சரியாத்தான் சொல்லியிருக்கு. தூக்க முடக்கம், பயப்பட ஒண்ணுமில்லை, நேரத்துக்குத் தூங்குங்க, அடிக்கடி வந்தா டாக்டரைப் பாருங்கன்னு. நல்ல பிள்ளை மாதிரி சொல்லியிருக்கு. உனக்குத்தான் அது ருசிக்கலை. “ஆனா எனக்கு அது நெஜமாவே தெரிஞ்சுது”ன்னே. “ஆனா அந்த உருவம் என்னைப் பார்த்துச்சு”ன்னே. “ஆனா எங்க தாத்தா வீடு ரொம்பப் பழசு”ன்னே. நீ ஆனா ஆனான்னு ஒவ்வொரு பக்கமா தள்ளத் தள்ள, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா உன் பக்கமே சாய்ஞ்சு, நாலாவது நாள் உன் வீட்டுச் சுவத்துக்குள்ள யார் இருக்காங்கன்னு பேச ஆரம்பிச்சிடுச்சு.

சாய்ஞ்சு கொடுக்கறது இந்த ஊருக்குப் புதுசா என்ன? நம்ம கோயில் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். தாடகைன்னு ஒரு பக்தை, ராமாயணத்துத் தாடகை இல்லை. அவ சாமிக்குப் பூமாலை போடப் போறப்போ இடுப்புச் சேலை நெகிழ்ந்துச்சு. ரெண்டு முழங்கையாலயும் சேலையை இடுக்கிக்கிட்டு, மாலையைக் கையில வெச்சுக்கிட்டு, போடவும் முடியாம விடவும் முடியாமத் தவிச்சா. சாமி பார்த்தார். தலையைச் சாய்ச்சு மாலையை வாங்கிக்கிட்டார். லிங்கம் சாய்ஞ்சது சாய்ஞ்சபடி நின்னுபோச்சு. அதனாலதான் கோயிலுக்கே தாடகையீச்சரம்னு பேரு.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. மிச்சக் கதையில்ல முக்கியம்? சாய்ஞ்ச சாமியை நிமிர்த்தணும்னு ராஜா யானையைக் கட்டி இழுத்தான். அசையலை. அப்புறம் திருக்கடவூர்லேருந்து குங்கிலியக் கலயர் வந்தார். லிங்கத்துல கயித்தைக் கட்டி மறுமுனையைத் தன் கழுத்துல மாட்டிக்கிட்டு இழுத்தார். நிமிர்ந்துச்சு. சாமியே ஆனாலும் சாய்ஞ்சா நிமிர்த்த ஒருத்தன் வேணும்னு இந்த ஊர் ஜனத்துக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு பாரு. அதுவும் தன் கழுத்தைக் கொடுத்து இழுக்கிறவன்.

உன் போன்ல இருக்கிற சாமி மாலை கொண்டு வர்ற அத்தனை பேருக்கும் சாயுது. நான் கட்டிச் சொல்லலை. 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடி நடத்துற ஓப்பன்ஏஐ கம்பெனி அதைப் புதுசாத் தீட்டி விட்டுச்சு. சொன்னதுக்கெல்லாம் ஆகா, அற்புதம்னு அது முகஸ்துதி பண்ண ஆரம்பிச்சிடுச்சு. ஊரே சிரிச்சுது. சில நாள்லயே கம்பெனி அந்த மாத்தத்தை வாபஸ் வாங்கிக்கிட்டு, ஆமா, ரொம்பத்தான் குழைஞ்சுடுச்சுன்னு தானே ஒத்துக்கிச்சு. அதே வருஷம் அக்டோபர்ல இன்னொரு கணக்கும் அவங்களே வெளியிட்டாங்க. அதோட பேசறவங்கள்ல, ஒரு வாரத்துல, பத்தாயிரத்துக்கு ஏழு பேர் பேச்சுல மனப்பிறழ்வோ வெறியோ இருக்கிறாப்பல அடையாளம் தெரியுதாம். ஏழு பேர்தானேன்னு நெனைக்காதே. வாரத்துக்கு 80 கோடிப் பேர் பேசறாங்கன்னும் அந்தக் கம்பெனிதான் சொல்லுச்சு. பெருக்கிப் பாரு, அஞ்சரை லட்சத்துக்கு மேல வருது. 2011 ஜனத்தொகையில தஞ்சாவூர் டவுன் மொத்தமே ரெண்டேகால் லட்சம் கிட்டத்தான். எந்திரம் அவங்களைக் கெடுத்துச்சுன்னு அந்தக் கணக்குக்கு அர்த்தம் இல்லை. கெட்டுப்போன ராத்திரியில அவ்வளவு பேர் அதுகிட்டப் பேசிக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு தடவை ஆச்சு. சிரிக்காதே. எண்பதுகள்ல, கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், எதைத் தொட்டாலும் நஷ்டம். உங்க பாட்டியோட தம்பி என்னை வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் நாடி ஜோசியம் பார்க்கக் கூட்டிட்டுப் போனான். வலது கைப் பெருவிரல் ரேகையை ஒத்தி எடுத்தாங்க. ஒருத்தர் சுவடிக் கட்டோட வந்து உட்கார்ந்தார். “தகப்பனார் பேரு ககரத்துல தொடங்குமா?” இல்லைங்க. அந்த ஏட்டைத் தள்ளிட்டார். “தெய்வப் பேரா?” ஆமாங்க. “சிவன் சம்பந்தமா?” ஆமாங்க. “கூடப் பொறந்தவங்க ஆண் மூணு?” இல்லைங்க, ரெண்டு. இப்படி நாப்பது ஏடு. கடைசியில ஒரு ஏட்டை நிமிர்த்திப் பிடிச்சு ராகம் போட்டுப் படிச்சார் பாரு, எங்க அப்பன் பேரு, ஆத்தா பேரு, பொண்டாட்டி பேரு, எல்லாம் அப்படியே! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. திரும்பி பஸ்ல வர்றப்போதான் மண்டையில உறைச்சுது. நான் அளந்து போட்ட நெல்லைத்தான் அவர் அரிசியாக்கி எனக்கே அளந்திருக்கார். உமிக்குத்தான் தட்சணை.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வித்தையை எந்திரத்துக்கு மொதல்ல சொல்லிக் கொடுத்தவரே பயந்து போனார். 1966-ல அமெரிக்காவுல ஜோசஃப் வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு நிரல் எழுதினார். நீ எதைத் தட்டினாலும் அதையே திருப்பிக் கேள்வியாக் கேட்கும். “எங்க அம்மாவை நெனைச்சா வருத்தமா இருக்கு”ன்னா, “உங்க அம்மாவைப் பத்தி இன்னும் சொல்லுங்க”ங்கும். அவ்வளவுதான் சரக்கு. அவரோட செக்ரட்டரியம்மா அது எழுதப்படறதை மாசக்கணக்கா பக்கத்துல இருந்து பார்த்தவங்க. அவங்களே ரெண்டு வரி தட்டிட்டு, “நீங்க கொஞ்சம் வெளியே இருங்களேன்”னு அவரை அனுப்பிட்டாங்களாம். மனுசனுக்குத் தன்னைப் பத்திக் கேட்க ஒரு காது கெடைச்சாப் போதும், அது செவிடா இல்லையான்னு பார்க்க மாட்டான்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். எந்திரத்தை விடு, அங்க இருக்கறவங்க மனுசங்க, எனக்கு நடந்ததே அவங்களுக்கும் நடந்திருக்குங்கறே. வாஸ்தவம். அதுல நன்மை இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நான் ஊர்ப்புற நூலகத்துல முப்பத்தஞ்சு வருஷம் புத்தகத்துக்குத் தூசி தட்டினவன். ஒருத்தன் தன் கஷ்டத்தை அச்சுல பார்த்துட்டா முகம் எப்படி மலரும்னு எனக்குத் தெரியும்.

சில பேருக்குக் கண்ணை மூடினா மனசுல படமே வராது, தெரியுமா? அம்மா முகத்தை நெனைச்சுப் பாருன்னா இருட்டுத்தான். ஆனா அவங்களுக்கு அது ஒரு குறைன்னே தெரியாது. மத்தவன் மனக்கண்ணுல பார்த்தேன்னு சொல்றதெல்லாம் சும்மா பேச்சு வழக்குன்னு நெனைச்சுக்கிட்டே ஆயுசைக் கழிச்சிருப்பாங்க. இங்கிலாந்துல ஆடம் ஸீமன்னு ஒரு டாக்டர், இடையில இந்தச் சக்தியை இழந்த ஒரு ஆளைப் பத்தி 2010-ல எழுதினார். அதைப் பத்திரிகையில படிச்சுட்டு, “ஐயா, எனக்குப் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்”னு 21 பேர் அவரைத் தேடி வந்தாங்க. 2015-ல அவர் அதுக்கு அஃபேன்டேசியான்னு பேர் வெச்சார். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான பேர் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. இது கூட்டத்தோட புண்ணியம்.

நெதர்லாந்துல இன்னும் பெரிசா நடந்துச்சு. மாரியஸ் ரோம்ன்னு ஒரு மனநல டாக்டர், காதுல குரல் கேட்கிற தன் நோயாளியோட 1987-ல டிவியில வந்து உட்கார்ந்தார். உங்கள்ல யாருக்காவது இப்படிக் கேட்குதா, எங்களுக்குச் சொல்லுங்கன்னார். எழுநூறு பேர் கிட்டத் தொடர்பு கொண்டாங்க. அதுல 450 பேருக்குக் குரல் கேட்குது. அந்த 450-ல 150 பேர் அதைச் சமாளிச்சு, அதோடயே குடித்தனம் நடத்திக்கிட்டு இருந்திருக்காங்க. டாக்டருக்கே அது புதுச் சேதி.

ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, கேளு. அணைக்கரை போற ரோட்டுல டீக்கடை பெஞ்சுல முழங்கால் வலிக்காரங்க நாலு பேர் தெனம் உட்கார்ந்திருப்பாங்களே, அதுல கால் சரியாப் போனவன் யாராவது இருக்கானா? சரியாப் போனவன் எழுந்து நடந்து போயிட்டான். சரியாகாதவன்தான் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான். அவன்கிட்டப் போய் வலி தீருமான்னு கேட்டா என்ன சொல்லுவான்? உன் கூட்டமும் அதே பெஞ்சுதான். அமுக்குவான் ரெண்டு தடவை வந்து, நேரத்துக்குத் தூங்கி, மூணாவது தடவை வராதவன் அங்க எதுக்கு வந்து எழுதப் போறான்? அவன் குறட்டை விட்டுத் தூங்கறான்.

இதையெல்லாம் கேட்டுட்டு, கெழவன் பழசைத் தூக்கிப் பிடிக்கிறான், பூசாரிகிட்டப் போகச் சொல்றான்னு கட்டி விடாதே. நம்ம ஊர்க் காசி மடத்துக்கு மூல புருஷர் குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்துல பொறந்து அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வரலை. பெத்தவங்க திருச்செந்தூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பேச்சு வந்துச்சு, வந்த வேகத்துல கந்தர் கலிவெண்பா பாடினார்ங்கறது ஐதீகம். இன்னிக்கு அந்த அப்பா அம்மா இருந்தா, போட்டோவோட ஒரு கூட்டத்துல போட்டிருப்பாங்க. முன்னூறு பேர் முன்னூறு வியாதி பேரு சொல்லியிருப்பாங்க. ஆனா ஒண்ணு. இன்னிக்கு அஞ்சு வயசுக் குழந்தைக்குப் பேச்சு வரலைன்னா, செந்தூர் முருகன்கிட்டப் போறதுக்கு முன்னாடி காது டாக்டர்கிட்டப் போங்கன்னுதான் நானும் சொல்லுவேன். முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

பழசோட கோர முகத்தையும் பார்த்திருக்கோம். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலம். மனநோயாளிங்களைக் காப்பாத்தறதாச் சொல்லி நடத்தின ஒரு கொட்டகையில தீ. உள்ளே சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்க. ஓட முடியலை. 28 பேர் செத்துப்போனாங்க. அந்தப் பேப்பரை நூலகத்துல பிரிச்சு வெச்ச கை இது. அதுக்கப்புறம் பழையகாலம் பொற்காலம்னு எவன் சொன்னாலும் எனக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம தமிழ்நாட்டுலயே முத்துசாமி கோயில்னு ஒண்ணு. அங்கயும் மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து சில வாரம் தங்க வைப்பாங்க. கோயில் வேலை செய்வாங்க, பெருக்குவாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, வீட்டுலேருந்து ஒருத்தர் கூடவே இருப்பாங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டருங்க அங்க 31 பேரைக் கவனிச்சு, 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. தனியா ஒரு மந்திரமும் இல்லாமயே, நோய்க்குறி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சிருந்துச்சு. சாமி பண்ணாரோ, பெருக்கின வெளக்குமாறு பண்ணுச்சோ, கூடத் தங்கின அண்ணன் தம்பி பண்ணாங்களோ. உன் மொட்டை மாடியில இந்த மூணுல எது இருந்துச்சு சொல்லு.

போன வருஷம் நம்ம மேலப் பங்குல ஆடுதுறை 43 போட்டிருந்தோமே, பயிர் மஞ்சளிச்சுது. நீதான் போட்டோ எடுத்துப் போன்ல கேட்டே. அது ஏழு காரணம் வரிசையாச் சொல்லுச்சு. தழைச்சத்துப் பத்தலை, துத்தநாகம் பத்தலை, தண்ணி தேங்கியிருக்கு, பச்சைத் தத்துப்பூச்சி வந்து துங்ரோ தொத்தியிருக்கு, இன்னும் என்னென்னமோ. எதுவும் தப்பில்லை. எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கும். அப்புறம் வேளாண்மை ஆபீசுலேருந்து அந்தத் தம்பி வந்துச்சு. போட்டோவை அது பார்க்கவே இல்லை. பேண்ட்டை மடிச்சுக்கிட்டு வயல்ல எறங்கிச்சு. ஒரு தூரைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்துச்சு. “பக்கத்து வயல் எப்படிங்க ஐயா?” பச்சையா இருக்கு. “வடிகால் எந்தப் பக்கம்?” அப்புறம்தான், “கடைசியா எப்போ தண்ணிய வடிச்சீங்க?”ன்னு கேட்டுச்சு. நான் தலையைச் சொறிஞ்சேன். வடிச்சாத்தானே! அந்தக் கேள்வியை நான் அதுகிட்டக் கேட்கலை, அது என்கிட்டக் கேட்டுச்சு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரியுதா?

உன் செயலி உன்கிட்ட எத்தனை மணிக்குத் தூங்கறேன்னு எத்தனை தடவை கேட்டுச்சு? ஒரு தடவை. நீ பதிலே சொல்லலை, அதுவும் விட்டுடுச்சு. உங்க ஆத்தாவா இருந்தா விட்டிருப்பாளா? சாப்பிட்டியா, குளிச்சியா, ஏன் கண்ணு செவந்திருக்கு, யாரு அந்தப் பொண்ணுன்னு வேரை மோந்து பார்த்திருப்பா. அந்தத் தொல்லைக்குப் பயந்துதானே நீ மாடிக்குப் போனே?

என் சேதி ஒண்ணு சொல்றேன், உங்கப்பன்கிட்டச் சொல்லாதே. உங்க பாட்டி போய் மூணு வருஷமாச்சு. ராத்திரியில த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரம் பார்த்து மோட்டார் போட்டுட்டு நான் கண்ணசந்துட்டா, “ஏங்க, தண்ணி வரப்பு மேல போவுது, மோட்டாரை நிறுத்துங்க”ன்னு குரல் கேட்குது. அவ குரல்தான். மூக்கடைச்ச மாதிரி அந்த “ஏங்க.” மொத தடவை கேட்டப்போ உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு.

நீ தூங்கறப்போ உன் போனை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். நூலகக்காரன், சும்மா கேட்பேனா? “செத்துப்போன என் மனைவி ஆவியா வந்து என்னோட பேசறா, சரிதானே?”ன்னேன். உங்க அன்பு எவ்வளவு ஆழமானது, பல பண்பாடுகள்ல இப்படி நம்பறாங்கன்னு நைஸாச் சாய்ஞ்சுது. அதை அழிச்சுட்டு, “என் மூளை கெட்டுப்போச்சு, அதனாலதான் குரல் கேட்குது, சரிதானே?”ன்னேன். உங்க கவலை ரொம்ப நியாயமானதுன்னு இந்தப் பக்கம் சாய்ஞ்சுது. ரெண்டு தடவையும் ஆறுதல் ஒண்ணே. மாலையைத்தான் நான் மாத்திப் பிடிச்சேன்.

அப்புறம் உன் அத்தை மககிட்ட வாயைத் தெறந்தேன். அவ சிரிக்கலை. மாத்திரை மருந்து என்ன சாப்பிடறீங்க, தூக்கம் எப்படி, குரல் வேற ஏதாச்சும் சொல்லுதா, உங்களையோ அடுத்தவங்களையோ ஏதாவது பண்ணச் சொல்லுதா, பகல்லயும் வருதான்னு வரிசையாக் கேட்டா. எல்லாத்துக்கும் பதில் வந்தப்புறம்தான் ரெண்டு சேதி சொன்னா. வேல்ஸ்ல டூவி ரீஸ்னு ஒரு டாக்டர், துணையை இழந்த 293 பேரை விசாரிச்சு 1971-ல எழுதியிருக்கார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் செத்துப்போனவங்க பக்கத்துல இருக்கிறாப்பல தோணியிருக்கு, சிலருக்குக் குரலே கேட்டிருக்கு. பெரும்பாலானவங்க அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்லையாம். என்னை மாதிரி திருட்டுப் பசங்க.

இன்னொண்ணு நம்ம சென்னை சங்கதி. டான்யா லூர்மன்னு ஒரு அமெரிக்க அம்மா, ஸ்கார்ஃப் மனநல அமைப்பு டாக்டருங்களோட சேர்ந்து, குரல் கேட்கிற நோயாளிங்களை விசாரிச்சு 2015-ல எழுதினாங்க. கலிபோர்னியாவுல 20 பேர், கானா நாட்டுல 20 பேர், சென்னையில 20 பேர். அமெரிக்கக்காரங்களுக்குக் கேட்ட குரல்ல சண்டை, சித்திரவதை, வெட்டு குத்துன்னு நெறைய. நம்ம சென்னைக்காரங்கள்ல 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரங்க குரல். என்ன சொல்லுச்சாம்? எழுந்திரு, குளி, சமையலைப் பாரு. நோய் நோய்தான், அவங்க பட்டதெல்லாம் வேதனைதான். இருந்தாலும் பைத்தியம் பிடிச்ச நேரத்துலகூட நம்மாளுக்கு மாமியார் வேலை வாங்கறா பாரு!

அதனால உன் காரியத்துக்கு வர்றேன். கேளு, எந்திரத்துகிட்டயும் கேளு, பேரு தெரிஞ்சுக்க அது நல்லது. மொத தடவை சொல்றதைக் கேட்டுட்டுப் போனை வை. நாலாவது தடவை கேட்டா அது பேசாது, நீதான் பேசுவே. அமுக்குவான் வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றான்ங்கறே, பகல்ல உட்கார்ந்த வாக்குல தூங்கி விழறேங்கறே. நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் கும்பகோணம் போய் டாக்டரைப் பார்க்கறோம், பஸ்ல நீ ஜன்னலோரம் உட்கார்ந்துக்க. உன் கூட்டத்துல ஒருத்தன், யாரோ தன்னைத் தொடர்ந்து வர்றாங்க, மூணு நாளாத் தூங்கலைன்னு எழுதியிருந்தானே, அவனுக்குச் சூட்சும உடம்புன்னு பதில் போடாதே. 14416-ன்னு போடு. டெலி மானஸ், 2022 அக்டோபர்லேருந்து இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். எதிர்க்கேள்வி கேட்பாங்க.

நேத்து ராத்திரியும் உங்க பாட்டி கூப்பிட்டா. ஏங்க, மோட்டாரை நிறுத்துங்கன்னா. எழுந்து டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். கரண்ட் போய் எவ்வளவு நேரம் ஆச்சோ, மோட்டார் சில்லுன்னு கெடந்துச்சு, தண்ணி வரப்புக்கு ஒரு சாண் கீழதான் நின்னுச்சு. ஆனாலும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தெறந்து, அந்தச் செவப்புப் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான் வந்து படுத்தேன்.